இடது ஓரம் அமுங்காத சீட்டு

வண்டிகளுக்குச் சீட்டு தைக்கிற எங்கள் ஷெட்டின் வாசலில், ரெக்சின் வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில், ஒரு பழைய அம்பாசிடர் காரின் முன் சீட்டு கிடக்கிறது. அந்தக் காலத்து வண்டிகளில் முன்னால் தனித்தனியாக இரண்டு சீட்டு இருக்காது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளச் சீட்டுதான். கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருப்பதால் நடுவில் ஒன்றும் குறுக்கிடாது. அதைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருக்கிறேன். வேலைக்கு வண்டி விட வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு. வலது பக்கமும் நடுப்பக்கமும் நன்றாக அமுங்கிக் கிடக்க, இடது ஓரம் மட்டும் புதுச் சீட்டு போல உப்பலாக இருக்கும். அதனால் இடது பக்கம் யார் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் சரிந்துபோய்ப் பக்கத்து ஆளின் தோளில் இடிப்பார்கள். "இன்னாண்ணே, ஊர் சீட்டையெல்லாம் நிமித்துற, உன் சீட்டு கோணிக்கினு கீது" என்று லாரி டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். ஸ்பிரிங்கை மாற்றிப் பஞ்சு வைத்தால் ஒரு மதியத்தில் சரியாகிவிடும். நான் இன்னும் செய்யவில்லை.

அந்தச் சீட்டு பழவேற்காட்டுப் பாயுடையது. இறால் வியாபாரம் செய்து, வயதானதும் விட்டுவிட்டவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யாரிடமும் சட்டென்று பேச வராது. ஆட்கள் பேசும்போது நான் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். தச்சூர் கூட்டு ரோட்டில் ஷெட் போட்ட நாளிலிருந்து எனக்கு வருவதெல்லாம் தொழிற்பேட்டைக் கம்பெனி வேன்களும் லாரிகளும்தான். கார் என்று வந்து, என்னை "நைனா" என்று கூப்பிட்டு, நான் பதில் சொல்லாவிட்டாலும் தானே பேசிக்கொண்டிருந்தவர் பாய் ஒருவர்தான். திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் அவர் மனைவி பாயம்மாவுக்குக் கை கால் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே போகிற வழியில் எங்கள் ஷெட்டில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவார். பாயம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கியிருந்தது. "போலாம்." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், சிரிப்பு வந்தாலும் அதுதான். எந்தப் போலாமுக்கு என்ன அர்த்தம் என்று பாய்க்கு மட்டும் தெரியும்.

காரில் பாயம்மா உட்கார்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு தானாக வலது பக்கம் சாயும். அந்தப் பக்கம் பாயின் தோள் இருக்கும். நன்றாக இருக்கும் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து பாயின் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். பாய் கியர் மாற்றும்போது அந்தக் கையும் கூடவே போய்க் கூடவே வரும். பாய் வண்டியைக் கிளப்பியதும் பாயம்மா "போலாம்" என்பார். அந்த ஒரு நேரத்தில்தான் அந்தச் சொல்லுக்கு எல்லோருக்கும் தெரிந்த அர்த்தம்.

ஒருநாள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று கைகாட்டாமல் திரும்ப, பாய் பிரேக்கை மிதித்தார். பாயம்மா அப்படியே முன்னால் வழுக்கிப் போய் டேஷ்போர்டில் நெற்றி அடிபட்டுத் தையல் போட வேண்டியதாகிவிட்டது. பெல்ட் என்ற ஒன்று அந்தக் காரில் இல்லை. சவுதியில் இருந்த மகன் வீடியோவில் தாயின் கட்டுப்போட்ட நெற்றியைப் பார்த்துவிட்டு அழுதான். பிறகு தன் சிநேகிதன் மூலமாக, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்க வரும் பழைய வண்டிகளிலிருந்து நல்ல சீட்டுகளாக இரண்டைத் தேடி எடுக்க வைத்தான். தலை சாய்க்க மேடு, இரண்டு பக்கமும் அணைப்பு, தோள் பெல்ட், எல்லாம் இருந்தன. நல்ல சீட்டு. நானே தடவிப் பார்த்து ஆசைப்பட்டேன். "அண்ணே, உம்மாவுக்கு இன்னொரு தபா அடிபட்டா நான் இங்கேர்ந்து இன்னா பண்ணுவேன்? நீங்க நல்லா மாட்டிக் குட்துடுங்க" என்று என்னிடம் போனில் சொன்னான். அவன் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை.

பழைய சீட்டைக் கழற்றி வெளியே வைத்தபோதுதான் அந்தக் கோணலைப் பார்த்தேன். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் இடது ஓரத்து ஸ்பிரிங் மட்டும் ஒருவர் பாரமும் படாமல் நின்றது. "பாய், இந்த ஓரத்துல யாரும் உக்காரவே இல்லியா?" என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். பாய்க்கு வெட்கச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணமான புதுசுல கதவாண்ட உக்காந்தா கதவு தொறந்துக்கும்னு பயந்தா, நைனா. நடுவுல வந்து ஒட்டிக்கினா. அப்பறம் பயம் போச்சி, எடம் மட்டும் மாறல" என்றார்.

புதுச் சீட்டின் போல்ட்டுகள் பழைய ஓட்டைகளுக்குப் பொருந்தவில்லை. தரையில் தகரம் துருப்பிடித்திருந்த இடங்களை வெட்டி எடுத்து, குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து, அதன்மேல் சீட்டுகளை நிறுத்தினேன். கதவுத் தூணுக்குள் கனத் தகடு வைத்து பெல்ட்டை முடுக்கினேன். நானே இழுத்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. பாய் தன் சீட்டில் உட்கார்ந்து, "ஏரோப்ளேன் கணக்கா கீது நைனா" என்றார்.

பாயம்மாவைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். பெல்ட்டும் மாட்டியாயிற்று. அவர் உடம்பு வழக்கம்போல வலது பக்கம் சாய்ந்தது. அங்கே தோள் இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இடைவெளிதான் இருந்தது. பெல்ட் மார்பைப் பிடித்துக்கொண்டது, தலை மட்டும் அந்த இடைவெளியில் தொங்கியது. இடது கை பாயின் சட்டையைத் தேடித் தேடிக் காற்றைப் பிடித்தது. பாய் எட்டி அந்தக் கையைப் பிடித்தால் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிக்க வேண்டும், கியரை யார் போடுவது? வண்டி கிளம்பியது. பாயம்மா "போலாம்" என்று சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. பாய் ரோட்டுக்கு ஏறாமல் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். நடுவில் பெட்டி செய்து மெத்தை வைத்தேன். பாயம்மா மெத்தையின் மேல் சாய்ந்துகொண்டும் கையால் சட்டையைத்தான் தேடினார். அவர் சீட்டை நடுவுக்குத் தள்ளினால் பெல்ட் தோளில் நிற்காமல் கழுத்தை அறுத்தது. பாயின் சீட்டை நகர்த்தினால் ஸ்டியரிங் நகராது. பழைய சீட்டையே போட்டு இடுப்புக்கு மட்டும் பெல்ட் வைக்கலாம் என்று வைத்தேன். நானே அதில் உட்கார்ந்து பாயை மெதுவாகப் பிரேக் போடச் சொன்னேன். என் தலையே டேஷ்போர்டைத் தொட்டது. நடுவில் உட்காருகிறவருக்குத் தோள் பெல்ட்டைக் கட்ட அங்கே தூண் கிடையாது. பழைய சீட்டில் பிடிமானம் இல்லை, புதுச் சீட்டில் தோள் இல்லை. இரண்டும் சேர்ந்த சீட்டு ஒன்றைச் செய்ய எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் என்று நான் கேட்ட இரண்டு மேஸ்திரிகளுக்கும் தெரியவில்லை. "உட்டுடு நைனா. நீ இன்னா பண்ணுவ, அவ தலையில அடிபடக் கூடாது, அவ்ளோதான்" என்று பாய்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். புதுச் சீட்டே இருக்கட்டும் என்றாகிவிட்டது. பழைய சீட்டு என் வாசலுக்கு வந்தது.

அதன் பிறகும் டாக்டரிடம் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பாயம்மா அழுவார், பாய் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பாய் வண்டியை நிறுத்தி, பாயம்மாவை மெல்ல நடத்தி வந்து, ஷெட் வாசலில் கிடந்த அந்தச் சீட்டில் உட்கார வைத்தார். தானும் வலது பக்கம் உட்கார்ந்தார். பாயம்மா சரிந்தார். தோள் இருந்தது. இடது கை குறுக்கே வந்து சட்டைக் கையைப் பிடித்தது. எதிரே ஆந்திரா பக்கம் போகிற லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு பாயம்மா, "போலாம்" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சீட்டுக்குக் கீழே வெறும் செங்கல். "போய்க்கினுதான் கீறோம்மா" என்றார் பாய். பாயம்மா அதை நம்பிய மாதிரிதான் இருந்தது.

பிறகு ஒவ்வொரு முறையும் போகும்போதும் வரும்போதும் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள். போன மழைக்காலத்தில் பாயம்மா வீட்டிலேயே, தூக்கத்தில் இறந்துபோனார். நெற்றியில் தையல் தழும்பைத் தவிர வேறு காயம் எதுவும் அவருக்குப் படவில்லை. சீட்டு மாட்டிய வேலை நன்றாகத்தான் இருந்தது.

பாய் இப்போதும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அந்தக் காரிலேயே வருகிறார். பக்கத்துச் சீட்டு அமுங்காமல் புதுசாக இருக்கிறது. ஷெட்டில் பழைய சீட்டின் வலது பக்கம் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு போலப் பேசுவதில்லை. டீயைக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பிவிடுவேன். போன வாரம் டீயைக் கொடுத்த பிறகு திரும்பப் போகாமல் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். வாடிக்கைக்காரர்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. கையை ஊன்றி ஓரத்திலேயே இருக்கப் பார்த்தேன். அந்தச் சீட்டில் அது முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து என் தோள் அவர் தோளில் போய் முட்டியது. பாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகர்ந்துகொள்ளவில்லை.