போஸ்டரில் இருப்பது என் வீட்டுக்காரர் கை

போன மாதம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். ‘கார் பந்தய வீரர் மறைந்தார்’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே ஒரு பழைய படம். கூரையில்லாத கார், அதற்குள் தலைக்கவசமும் பெரிய கண்ணாடியும் மாட்டிய ஒருவர், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் இடது கை. படத்தின் அடியில் எங்கள் பழைய பட்டாசுக் கம்பெனியின் சின்ன முதலாளி பெயர். கீரை வாங்கிக்கொண்டு வந்தவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். படத்தில் இருக்கும் கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. சின்ன முதலாளி பத்து விரலோடு பிறந்தார், பத்து விரலோடுதான் சுடுகாட்டுக்கும் போயிருப்பார். அந்தப் பாதி விரல் என் வீட்டுக்காரருடையது. எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது மெஷினில் நசுங்கிப் போனது. எத்தனையோ பேர் அந்தச் சுவரைக் கடந்து போகிறார்கள். ஒருவரும் விரலை எண்ணிப் பார்க்கவில்லை.

“போனவுகளப் பத்தி இப்ப எதுக்கும்மா பேச்சு?” என்கிறாள் என் மகள். என் வீட்டுக்காரரும் போனவர்தான். போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரைப் பற்றிப் பேசிய வாய் எதுவும் அன்றைக்கு மூடவில்லை. நான் மட்டும் ஏன் மூட வேண்டும்?

அவர் அந்தக் கம்பெனியில் லாரி டிரைவர். தாயில்பட்டிப் பக்கம் இருந்த ஆலையிலிருந்து பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போவார், அங்கிருந்து மதுரை போவார். பட்டாசு லோடு ஓட்டுவது நெல் மூட்டை ஓட்டுவது மாதிரி இல்லை. திடீரென்று பிரேக் போடக்கூடாது. பெட்டியும் பெட்டியும் உரசக்கூடாது. வளைவு வருவதற்கு வெகு தூரம் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கில் கால் வைக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். “லோடு தூங்குற புள்ள மாதிரி. எந்திரிக்க விட்டுறக் கூடாது” என்பார். கல்யாணமான புதிதில் என்னை ஒரு தடவை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். மடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். சாத்தூர் வரைக்கும் என் சேலை நனையவில்லை.

சின்ன முதலாளிக்குக் கார் பந்தயத்தில் பித்து. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கிக் கூரையைக் கழற்றிப் பந்தய வண்டியாக்கினார். சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்குப் போட்ட ஓடுதளத்தில் அந்த நாளில் பந்தயம் நடக்கும். முதல் பந்தயத்திலேயே வளைவில் பிரேக்கை அமுக்கி, வண்டி பம்பரமாகச் சுற்றி, ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் போய் முட்டினார். அடி ஒன்றும் இல்லை, பயம் மட்டும் பிடித்துக்கொண்டது. ஆனால் ஊரில் எல்லோரிடமும் பந்தய வீரன் என்று சொல்லியாயிற்று. அடுத்த பந்தயத்தில் அவர் பெயரில் என் வீட்டுக்காரர் ஏறினார். இருவரும் ஒரே உயரம். முகத்தை மூடக் கவசமும் கண்ணாடியும் இருந்தன. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவனை அந்தப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்களாம். அங்கே ஓட்டுகிறவர்கள் எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள்.

ஒரே ஒரு பந்தயத்தை நான் நேரில் பார்த்தேன். காரை ஏற்றிப் போன லாரியிலேயே நானும் போனேன். குடை பிடித்த சீமாட்டிகளுக்குப் பின்னால், தார்ப்பாய் கட்டிய கொட்டகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மற்ற வண்டிகள் எல்லாம் வளைவுக்கு வந்த பிறகு கிறீச்சிட்டுப் புகை விட்டன. ஒரு வண்டி மட்டும் சத்தமே இல்லாமல் உள்ளே நுழைந்து வெளியே வந்தது. அந்த வண்டி யாருடையது என்று எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்ச் செம்பு என் மடியில் இருப்பது போலவே இருந்தது.

முதலில் வந்தார். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டார். அங்கே தயாராக நின்ற சின்ன முதலாளி கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டார், கோட்டையும் மாட்டிக்கொண்டார். பிறகு செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கன்னத்தில் படிந்திருந்த புழுதியையும் எண்ணெய்க் கறையையும் தன் உள்ளங்கையால் வழித்து, தன் முகத்தில் பூசிக்கொண்டார். பூசிக்கொண்டு வெளியே போய்க் கப்பை வாங்கினார். கைதட்டல் கொட்டகைக்குள் கேட்டது. இவர் கீழே உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குச் சூடு சொரணை இல்லையா?” என்று கேட்டேன்.

“கப்ப வச்சு என்ன செய்ய, புள்ள? கூழு ஊத்திக் குடிக்கக்கூட ஆகாது. ஓட்டுனது நாந்தான? அத அவுக வழிச்சு எடுக்க முடியுமா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. வழித்து எடுக்க முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வருஷத் தீபாவளி சீசனுக்கு, அன்றைக்கு எடுத்த, இப்போது போஸ்டரில் இருக்கும் அந்தப் படத்தையே லேபிளாக அச்சடித்து, வெடிப் பாக்கெட்டில் ஒட்டக் கொடுத்தார்கள். நான் லேபிள் ஒட்டுகிற ஷெட்டில்தான் இருந்தேன். பசையைத் தடவித் தடவி, என் புருஷன் கையை இன்னொருவர் பெயரோடு ஆயிரமாயிரமாக நானே ஒட்டினேன். பக்கத்தில் இருந்த பெண்கள், “நம்ம சின்ன முதலாளி எம்புட்டுத் தைரியம் பாரு” என்பார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் எனக்குப் போட்ட உத்தரவு. திறக்கவில்லை.

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. கடைசியாக, ஒரு பந்தயத்துக்கு முந்தின வாரம், விடிந்ததும் சின்ன முதலாளி ஜீப்பில் எங்கள் வாசலுக்கே வந்தார். நான் கூழ்ப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

“ஏலே, வண்டிய எடு. சாத்தூர் ரோட்டுல ஒரு ஓட்டம் பாத்துருவோம்.”

“முன் டயரு தேஞ்சு கெடக்கு, முதலாளி. மாத்திட்டு ஓட்டுவோம்.”

“பயமாலே? பயமாருந்தா சொல்லு, வேற ஆளப் பாக்கேன்.”

பயம் என்ற வார்த்தையை யார் யாரிடம் சொல்வது! இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கூழ் குடிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் டயர் வெடித்து, கார் புளியமரத்தில் மோதி, மரத்தடியிலேயே உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்க நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஒரே மாதிரி இரண்டு தாளும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். “உடம்ப வாங்குனதுக்குத் தாயி. ஒரு கைநாட்டு வச்சிரு” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “நான் கைநாட்டு இல்ல. எனக்குக் கையெழுத்துத் தெரியும்” என்றேன். தெரியும்தான். லாரிக் கதவில் படிந்த புழுதியில் விரலால் எழுதிக் காட்டி, என் பெயரை எனக்குப் பழக்கிவிட்டவர் அவர். அந்த நாலு எழுத்துக்கு மேல் எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் உள்ளே கிடக்கும்போது, அவர் சொல்லிக்கொடுத்ததை நான் இல்லை என்று சொல்வதா? கணக்குப்பிள்ளை மைப்பெட்டியை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேனாவைக் கொடுத்தார். இரண்டு தாளிலும் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்திலிருந்து என் மகள் அழுதுகொண்டு வந்தாள். ‘கார் திருடன் மவ’ என்று கூப்பிட்டார்களாம். எனக்குப் புரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கே நடந்து போனேன். வயசான ஏட்டு ஒருவர் பழைய காகிதக் கட்டைப் பிரித்து வாசித்தார். முதலாளிக்குத் தெரியாமல், அனுமதி இல்லாமல், தன் புருஷன் காரை எடுத்துப் போய் விபத்தில் இறந்தான், இதில் யார் மீதும் தனக்குக் குறை இல்லை என்று எழுதியிருந்தது. அடியில் என் கையெழுத்து. ஏட்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, “கைநாட்டு வச்சிருந்தா, வாசிச்சுக் காட்டுனோம்னு எழுதிச் சாட்சி போடணும், தாயி. நீ படிச்ச புள்ளன்னு நெனச்சிட்டாக” என்றார்.

அன்றைக்கே அந்தக் கம்பெனி வேலையை விட்டேன். திருத்தங்கலுக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தேன். என் பெருமைதான் அவரைத் திருடன் ஆக்கியது என்ற எண்ணம் ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்தத் தாளை எழுதியது என் பெருமை இல்லை. அதை எழுதச் சொன்னவர் கட்டிலில் படுத்து, வயசாகி, பேரன் பேத்தி சூழச் செத்தார்.

சின்ன முதலாளியின் மகன் போன வாரம் என்னைத் தேடி வந்தார். அப்பாவுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்கள் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். தலை நரைத்த மனிதர், தன்மையாகத்தான் பேசினார். நான் சொன்னேன். விரலில் ஆரம்பித்து, வாசலில் நான் காதால் கேட்டது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

“அப்பா அப்பிடிப்பட்டவுக இல்ல, ஆச்சி. அந்தத் தாளு ஒண்ணு இன்னும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீக.”

பாருங்கள். ஓட்டியவர் பெயரை எங்கும் வைக்கவில்லை. தாளை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

“சரி தம்பி. அந்தத் தாள எடுத்துட்டு வாங்க. இந்தத் தெருவுல நாலு பேரக் கூப்பிட்டு வச்சு, சத்தமா வாசிங்க. அன்னைக்கு எனக்கு யாரும் வாசிச்சுக் காட்டல. வாசிச்சு முடிங்க, அப்புறம் நான் உங்க மலருக்குச் சொல்லுதேன்” என்றேன்.

கொண்டு வருகிறேன் என்றுதான் எழுந்து போனார். எட்டு நாள் ஆகிறது. அவர் வீடு இருக்கும் சிவகாசியிலிருந்து இங்கே வர ஒரு டவுன் பஸ் போதும்.