கல்லறையின் பின்பக்கம்

கல்லறைத் திருநாளுக்கு முன் கல்லறைகளுக்குச் சுண்ணாம்படிப்பது இராயபுரத்து வழக்கம். மனைவி இறந்த மறு ஆண்டு அந்தக் கடமை எனக்கு வந்தது.

பிள்ளையில்லாத எங்கள் வீட்டில் அப்போது ஒரு பெண் இருந்தாள். சுனாமி அவள் தாயைக் கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை, வீட்டிலிருந்த ஒரே புகைப்படமும் மிஞ்சவில்லை. பதினாறு வயதில் அவளை நிவாரண முகாமிலிருந்து அழைத்து வந்தவள், பள்ளி ஆசிரியையான என் மனைவி. பல மாதங்கள் அவள் வாய் திறக்கவில்லை. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைக் காசிமேட்டில் கேட்டு வாங்கி, அட்டைகளில் வரைந்தாள். வரைய வரையப் பேச்சு திரும்பிற்று. மனைவி போன பின் ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போய், சற்றே தெளிந்த முகத்தோடு திரும்புவாள். நான் அடக்கத்துக்குப் பிறகு வாயிலைத் தாண்டியதில்லை.

அன்றும் வாயிலிலேயே நின்றேன். சுண்ணாம்படிப்பவர் வந்து கேட்டார்.

“பின்னால எவனோ பெயின்ட்ட பூசி கலீஜ் பண்ணி வெச்சிகீறான் நைனா. சுரண்டிட்டு அடிச்சிடட்டா?”

“சுரண்டிடுப்பா.”

திருநாளன்று அவளோடு உள்ளே போனேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பின்பக்கம் போனவள் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். புல்லில் நீலமும் பச்சையுமாகப் பெயின்ட் சில்லுகள்.

“இங்க எங்கம்மா இருந்துச்சு,” என்றாள்.

“நான்தாம்மா சுரண்டச் சொன்னேன். பாக்காமச் சொல்லிட்டேன்.”

“ஒரு தபாகூட வந்து பாக்கலியா சார்? டீச்சரம்மாக்குத் துணையா வெச்சிருந்தேன்.”

புதிய பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன். மூன்று ஞாயிறு அந்தச் சுவரின் முன் உட்கார்ந்தாள். மூன்றாவது ஞாயிறு தூரிகையைக் கழுவாமலே எழுந்தாள்.

“மூஞ்சி வரமாட்டேங்குது சார். அப்போ ஞாபகம் இருந்துச்சு.”

அந்த முகத்தைப் பார்த்தவர் இன்னொருவர் இருந்தார். சுண்ணாம்படித்தவரைத் தண்டையார்பேட்டையில் தேடிப் பிடித்தேன். ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார்.

“பொம்பள மூஞ்சி நைனா. மூக்குத்தி கீக்குத்தி இருந்தாப்ல கீது. வேலைக்குப் போனா சுரண்டுவனா, மூஞ்சியப் பாத்துகினு நிப்பனா?”

கிடைத்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, அதையும் ஒரு செய்தியாக அவளிடம் சொன்னேன்.

 அவள் தாயை ஒருநாளும் கண்டிராத என்னிடம் கேட்டாள்:

“எங்கம்மா மூக்குத்தி போட்டிருந்துச்சா சார்?”