பூட்டிய வீட்டுக்கு நான் அடித்த பெயிண்ட்

ஊரில் உள்ள சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவன் நான். சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. மனைவி, இரண்டு பெண்கள், மாமியார், நான், என் பெயிண்ட் டப்பாக்கள் எல்லாரும் வாடகைக்கு ஒரே அறையில் இருந்தோம். தூக்கத்தில் யாராவது புரண்டால், ஓரத்தில் கிடக்கிற நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

எதிரே ஒரு வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதை விலைக்குக் கேட்டுப் பாருங்களேன் என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். யாரிடம் கேட்பது? வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்றார் மளிகைக் கடைக்காரர். வெளிநாட்டில் இருக்கிறார் என்றார் தையல்காரர். இரண்டையும் நம்பினேன். முதலில் வருத்தப்பட்டேன், பிறகு பொறாமைப்பட்டேன். கடைசியில், அந்த வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன்தான் உண்மையைச் சொன்னார். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவருடையதாம், பக்கத்து ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாராம்.

போனேன். மகன் வீட்டு சோபாவின் ஓரத்தில் நர்ஸம்மா விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். இடிந்த வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒருதரம் பார்த்துவிட்டுப் பேசி முடிக்கலாம் என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? உரிந்த சுவரைக் கண்டால் எனக்குக் கை ஊறும். எப்படியும் நம் வீடுதானே என்று புதரை வெட்டினேன், கேட்டுக்கு எண்ணெய் விட்டேன், சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து, முன்பக்கம் முழுக்க இளம்பச்சை அடித்தேன். கலர் மனைவி தேர்ந்தெடுத்தது. வாங்கப் போகிற வீட்டை வாங்கும் முன்பே அழகாக்கிய புத்திசாலி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா வந்தார். கேட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். சுவரைத் தடவினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இடிஞ்சு போச்சுன்னு பையன் சொன்னதை நம்பிட்டேன் தம்பி. நல்லாத்தானே இருக்கு. நான் இங்கயே வந்துடறேன்."

கோபம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. அந்த சோபா ஓரத்தை நான் பார்த்திருந்தேனே.

"உள்ளயும் இதே கலர் அடிச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

இப்போது உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறேன். முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனைவி, இன்று மதியம் சாப்பாடு கொண்டுவந்தாள். சின்ன அறையின் வாசலில் நின்றாள்.

"இது பொண்ணுங்களுக்குன்னு நெனச்சு வச்சிருந்தேன்" என்றாள். பிறகு, "அந்த மூலையில சரியா படல, இன்னொரு கோட்டு அடிங்க" என்றாள்.

அடித்தேன்.