பருவத்தின் மேல் போட்ட பழி

மேலப்பாளையத்தில் மைதீன் பாத்திமா வீட்டு மின்விசிறிக்கு இருபது வருஷமாகப் பகல் வேலை கிடையாது. பீடி சுற்றுகிற வீடுகளில் அதுதான் வழக்கம். ஃபேனைப் போட்டால் மடியில் இருக்கிற சுளவு என்கிற முறத்திலிருந்து புகையிலைத் தூள் பறக்கும். ஈரத்துணியில் பதமாகச் சுற்றி வைத்த இலை காய்ந்துபோய், சுருட்டும்போது கிழியும். கிழிந்த இலையில் சுற்றினதை, இலை கொடுக்கிற பீடிக் கடையில் யாரும் கொஞ்சி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே சித்திரை வெயிலிலும் கீழே இரண்டு பெண்கள் வேர்த்து ஊற்ற, மேலே மூன்று இறக்கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு பேர் என்றால் பாத்திமாவும், அவள் கணவரின் தங்கை கனியும். கணவர் அரபு நாட்டில், தம்மாமில் சமையல் வேலையில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற ஆள். கனி இருபத்தாறு வயதில் கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த மறுவாரமே மைனிக்கு எதிரே சுளவோடு உட்கார்ந்துவிட்டாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற அளவுக்குக் குறுகிய கூடம். நாத்தனார் வந்துவிட்டாள், இனிமேல் வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்த தெருவுக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் வீடு ஒதுக்கும்போது பாத்திமா ஸ்டூலில் ஏறி ஃபேன் இறக்கைகளைத் துடைப்பாள். கனி ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். இறக்கையின் மேல் பழுப்பாகத் தூள் படிந்து கிடக்கும்.

"இதைத் திரட்டிச் சுத்துனா நாலு கட்டுக்குக் காணும் மைனி" என்பாள் கனி. சிரிக்கிற சிரிப்பில் ஸ்டூல் ஆடும்.

கனிக்கு இருமல் தொடங்கியபோது இருவரும் பருவத்தின் மேல் பழியைப் போட்டார்கள். சித்திரையில் இருமினால் சூடு. ஆனியில் சாரல் காற்று. ஐப்பசியில் மழைக்குக் கதவை அடைத்துவைத்த ஈரம். மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம், பனி. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பருவம் இருக்கத்தானே செய்கிறது! ஒவ்வொன்றுக்கும் பாத்திமாவிடம் ஒரு கைமருந்து இருந்தது. அவ்வளவு பாசக்காரிக்கு மடியில் இருந்த தூள் மட்டும் கண்ணில் படவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று மார்கழியில் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. கடையிலிருந்த இலை மூட்டைகள் நனைந்து, பதினெட்டு நாள் வேலை இல்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்த அந்த நாட்களில், போர்வைக்குள் முடங்கியிருந்த கனி ஒரு தடவைகூட இருமவில்லை. தன் சுக்குக் கஷாயம் செய்த வேலை என்று பாத்திமா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். நாலு வீட்டுக்குப் பக்குவமும் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கடை திறந்து இலை வந்தது. மூன்றாம் நாள் இருமலும் வந்தது.

"கஷாயத்தை நிப்பாட்டுனது என் தப்புட்டி" என்றாள் பாத்திமா.

அடுத்த கோடையில் கனிக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது.

"மைனி, ஃபேனைப் போடட்டா? நெஞ்சு அடைக்கு."

"பைய போடலாம்ட்டி. இந்தக் கட்டு முடியட்டும்."

அந்தக் கட்டு முடிந்தால் அடுத்த கட்டு இருக்கும். கனி இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் இல்லாதவள்.

ஐப்பசியில் தெருக்குழாய் வரை நடக்க முடியாமல் அவள் வழியில் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரிஸில்லா டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இந்த இருமல் எப்பவாவது நின்னிருக்காம்மா?"

பாத்திமா வெள்ளம் வந்த நாட்களைச் சொன்னாள். கஷாயத்தையும் விடவில்லை.

"அப்போ என்ன வேலை பாத்தீங்க?"

"வேலை எங்க இருந்துச்சு? இலையெல்லாம் நனைஞ்சு..."

பாத்திமா குனிந்து தன் மடியைப் பார்த்தாள். டாக்டர் கனியின் பழுப்பேறிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, இனி தூள் இருக்கிற இடத்தில் இவங்க இருக்கவே கூடாது என்றார். மற்றவர்களும் வாயில் துணி கட்டிக்கொண்டு, காற்றோட்டமான வாசலில் உட்கார்ந்துதான் சுற்ற வேண்டும் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கனிதான் முதலில் பேசினாள்.

"உங்க கஷாயம் நல்லாத்தான் இருந்துச்சு மைனி."

பாத்திமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அன்றோடு சுளவு வாசலுக்குப் போனது. கூடத்தில் பகலெல்லாம் ஃபேன் ஓடியது. கனி கீழே படுத்து, சுற்றுகிற இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் காற்றைப் பத்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் என்ன என்று பாத்திமாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும். தை மாதம் மூச்சு அடங்கி கனி மௌத்தானாள்.

மாசியில், நோன்புக்கு நாலு நாள் இருக்கும்போது பாத்திமா வீடு ஒதுக்கினாள். ஸ்டூலைப் பிடிக்க ஆள் இல்லை. சுவரில் கை ஊன்றி ஏறி, ஃபேனை நிறுத்தித் துடைத்தாள். துணி பழுப்பானது. இறக்கையில் படிந்ததைத் துடைக்க வருஷம் தவறாமல் ஏறினோமே, அவள் நெஞ்சில் படிவதை ஒரு நாளாவது நினைத்தோமா என்று ஸ்டூலின் மேலேயே நின்று அழுதாள். பிறகு இறங்கிவந்து ஃபேனைப் போட்டாள்.

அடுத்த வீட்டு முஃபீதா தன் சுளவோடு வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மாமி ஒற்றையாக இருக்கிறாளே, சேர்ந்து சுற்றலாம் என்று வந்தவள். உட்காருவதற்கு முன் அவள் கை வழக்கம்போலச் சுவிட்சுக்குப் போனது.

"அதுல கை வைக்காத."

"இலை காஞ்சிருமே மாமி."

"காயட்டும். இலை நாளைக்கும் குடுப்பாங்க."

முஃபீதா கையை எடுத்துக்கொண்டு, கனி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சுளவை மடியில் வைத்தாள். இரண்டு தடவை இருமினாள்.

"ஒண்ணுமில்ல மாமி. மாசி பொறந்தும் பனி விடல, அதான்."

பாத்திமா எழுந்து, அவள் மடியிலிருந்த சுளவைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.