இருநூற்று இருபத்தோராம் படி

திருத்தணி நெசவாளர் தெருவில் மணியம்மையிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. பால்காரரையும் விடமாட்டாள், நூல் கொண்டுவருகிறவரையும் விடமாட்டாள். முருகனுக்கு மட்டும் சலுகை உண்டா என்றால் அதுவும் கிடையாது. விளக்கை ஏற்றிவிட்டு, போன வாரம் கேட்டது என்னாயிற்று என்று ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் கையைக் கூப்புவாள். கணவர் சிங்காரம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சிரிப்பார்.

"உனுக்குப் பயந்துகினுதான்டி அவன் மலைமேல போயி ஒக்காந்துகினான்" என்பார்.

இருவருக்கும் பிள்ளைகுட்டி இல்லை. ஆனால் வருஷத்தின் கடைசி நாளில் மலைப்படி பூசையை ஒருமுறைகூட விட்டதில்லை. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, முந்நூற்று அறுபத்தைந்து. அவள் குனிந்து குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துப் போக, அவர் பின்னாலேயே படிக்கு ஒரு வில்லை கற்பூரம் ஏற்றி வருவார். வில்லைகளை முதல் நாளே எண்ணித் தகர டப்பாவில் போட்டுக்கொள்வார். உச்சியில் டப்பா காலியாக இருக்கவேண்டும். அப்படிப் பதினோரு வருஷம் போயிற்று.

எழுபத்து நாலாம் வருஷம் ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, தெருவில் நீட்டியிருந்த பாவு நூலுக்குக் கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்த சிங்காரம், மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் எல்லாம் ஆன மறுநாள் மணியம்மை செய்த முதல் வேலை, சுவரில் இருந்த முருகன் படத்தைத் திருப்பி மாட்டியதுதான். உன் முகத்திலேயே விழிக்கமாட்டேன் போ என்று சொல்லிவிட்டாள். மலையை நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டாள். வயிற்றுப்பாட்டுக்காகத் தறியில் உட்கார்ந்தாளே தவிர, நெய்ததில் மனசில்லை.

மார்கழி பிறந்தது. நெசவுக்காரர்களுக்கு அது ஆகாத காலம். பகல் சுருங்கிவிடும், பனி விலக நேரமாகும், கஞ்சி போட்ட பாவு லேசில் காயாது. அதனால் சிங்காரம் வெயிலை வேவு பார்த்துக்கொண்டே இருப்பார். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக உச்சிப்பொழுதில் ஒரு துண்டு வெயில் உள்ளே விழும். குளிர் ஏற ஏற அது தரையில் நகர்ந்து, சுவரைத் தொட்டு, மேலே ஏறத் தொடங்கும். என்றைக்கு அதற்குமேல் ஏறாமல் நிற்கிறதோ, அன்றைக்குக் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, பொழுது திரும்பிவிட்டது, இனி பாவு காயும் என்று அறிவிப்பார். முருகன் படத்துக்கு அடியில் அப்படிப் பதினோரு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

அந்த மார்கழி ஏழாம் நாள் மதியம், தறி நாடாவைக் கையில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள் மணியம்மை. வெயில் சுவரில் ஏறிவந்து, அவருடைய கோடுகளின்மேல் சரியாக வந்து நின்றது. கோடு போட அவர் இல்லை. வெயில் வந்துவிட்டது. வருஷத்திலேயே மிகக் குட்டையான பகலில்தான் இந்த வெயில் இவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை பீறிட்டு வந்தது. நாலு மாதமாக வராத அழுகை. அழுது முடித்து, அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்துவந்து பன்னிரண்டாவது கோட்டைத் தானே போட்டாள். படத்தையும் திருப்பினாள்.

ஆனால் கோபம் அடியோடு போய்விடவில்லை. மலை ஏறுவேன், எல்லா நாளுக்கும் கற்பூரம் உண்டு, நீ அவரை எடுத்துக்கொண்ட நாளுக்கு மட்டும் கிடையாது என்று முருகனிடம் கறாராகப் பேசிவிட்டாள். நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். ஆகஸ்டு ஒன்பது, இருநூற்று இருபத்தொன்றாம் நாள்.

டிசம்பர் முப்பத்தொன்று காலையில், பழக்கத்தில் முழுக் கணக்கையும் எண்ணிப் போட்டிருந்த டப்பாவோடு அடிவாரத்துக்குப் போனால், தெருப் பெண்களின் பஜனைக் கோஷ்டிக்குத் தலைவியான கௌரியம்மாள் வழியை மறித்தாள். தாலி அறுத்தவள் படிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கக்கூடாது, கூட்டத்தோடு பின்னால் வந்தால் போதும் என்றாள்.

வழக்கமான மணியம்மையாக இருந்தால் அங்கேயே ஒரு கச்சேரி நடந்திருக்கும். அன்று நிதானமாகச் சொன்னாள்: "மஞ்ச குங்குமம் நீங்களே வெச்சுகினு போங்கக்கா. கற்பூரம் ஏத்தறது எங்க ஊட்டுக்காரரு வேலை. அத்த நான் பாத்துக்கறேன்."

கௌரியம்மாள் வழியை விட்டு விலகினாள். முன்னால் குனிந்து குங்குமம் வைத்துப் போனாள். பின்னால் மணியம்மை ஏற்றிக்கொண்டே வந்தாள். பாட்டும் அரோகராவும் காதை அடைத்தன. இருநூற்று இருபத்தோராம் படி வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது டப்பாவில் ஒற்றை வில்லை கலகலத்தது. பதினோரு வருஷத்தில் கேட்காத சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த நாள் என்ன பாவம் செய்தது? அன்று காலையிலும் அவர் கூழைக் குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டார். முருகன் மலைமேல் உட்கார்ந்த கதையை அன்று காலையிலும் சொல்லிச் சிரித்தார். அவர் அவளோடு இருந்த கடைசி நாள் அது. அதைப் போய்த் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறாளே!

மிச்சத்தைச் சாமிக்கே ஏற்றிவிடு என்றாள் கௌரியம்மாள்.

"இது சாமிக்கு இல்லக்கா. கீழ ஒரு நாளு இருட்டுல கெடக்குது."

சொல்லிவிட்டு இறங்கினாள். ஏறிவரும் கூட்டம் திட்டியது. இவளும் திருப்பித் திட்டிக்கொண்டே நூற்று நாற்பத்து நாலு படி எண்ணி இறங்கினாள். அந்தப் படியில் உட்கார்ந்து கடைசி வில்லையை ஏற்றி, அது கரைந்து அணையும்வரை காற்றுக்குக் கையால் மறைப்புக் கட்டினாள். பிறகு எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஏறினாள். மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

சன்னிதியில் கை கூப்பவில்லை. டப்பாவைத் திறந்து முருகனுக்கு எதிரே கவிழ்த்துக் காட்டினாள்.

"பாத்துக்கோ. எங்க ஊட்டுக்காரரு கணக்குல ஒரு நாளுகூடக் கொறையல."