எதிர்க்கட்சி வீட்டு லட்டு

சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை நடந்த மே மாதத்து நாள் அது. சீவலப்பேரிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்த சம்பவம்.

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கிளார்க்காக வேலை பார்க்கிறேன். ஆனால் தேர்தல் வந்துவிட்டால் எனக்குள் ஏதோ புகுந்துகொள்ளும். டிவி விவாதம் ஒன்றையும் விடமாட்டேன். யார் எந்தத் தொகுதியில் முந்துவார்கள் என்று சமையல்கட்டில் நின்றபடியே சொல்வேன். என் கணவர் எனக்கு நேர் எதிர். "ஓட்டு ரகசியம்" என்று சொல்லிவிட்டு, கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக யாருக்குப் போட்டார் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு முந்தைய நாடாளுமன்றத் தேர்தலில் நான் ஓட்டுப் போட்ட பக்கம் மோசமாகத் தோற்றுப்போனது. அந்தத் துக்கத்தைவிட, எதிர் வீட்டு மைனி செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. உறவில்லை என்றாலும், நான் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, அண்ணி முறை வைத்து அவளை மைனி என்றுதான் கூப்பிடுவேன். தையல் மெஷின் வைத்திருக்கிறாள். எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதும் அவள்தான். அவளுடைய கட்சி ஜெயித்ததும், அவள் வீட்டில் கூடியிருந்த ஆட்கள் சரவெடியைக் கொண்டுவந்து சரியாக என் வீட்டு வாசலில் போட்டு வெடித்தார்கள். மறுநாள் முழுக்க முற்றத்தில் சிவப்புக் காகிதம் கூட்டினேன். அன்றோடு பேச்சு நின்றது. ஜாக்கெட்டையும் பாளையங்கோட்டையில் தைக்கக் கொடுத்தேன். ஒன்றுகூடச் சரியாக அமையவில்லை என்பது வேறு கதை.

இந்தத் தடவை நாங்கள்தான் ஜெயிப்போம் என்று எல்லாச் சேனலும் சொல்லிவிட்டது. எனக்கா சந்தேகம்? பாளையங்கோட்டை ஸ்வீட் கடை ஒன்றில் இருநூறு லட்டு சொல்லிவைத்தேன். முதல் டப்பாவை என் கையாலேயே மைனி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், லட்டு வாங்கியதே அதற்காகத்தான்.

காலை எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். தபால் ஓட்டில் நாங்கள்தான் முன்னிலை. பத்து மணிக்கு ஆட்டோவில் லட்டு வந்து இறங்கியபோது கொஞ்சம் பின்னடைவு. கிராமத்து ஓட்டு எண்ணினால் சரியாகிவிடும் என்றேன். கிராமத்து ஓட்டும் எண்ணினார்கள். மத்தியானத்துக்குள் மாநிலமும் போச்சு, எங்கள் தொகுதியும் போச்சு.

டிவியை அணைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தேன். அழுகை வந்தது. எனக்கு அதில் பதவியா, பட்டமா? இருந்தும் வந்தது. நான் பார்க்கிற உலகத்தை மற்றவர்கள் யாருமே பார்க்கவில்லையே என்று ஒரு தனிமை. கணவர் சாப்பிடக் கூப்பிட்டார், போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "லட்டுல எறும்பு ஏறுது. என்ன செய்ய?" என்று பையக் கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நாலரை மணி இருக்கும். வாசல் கேட் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் மைனி! வம்பு பேசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். அவளோ சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஏளா, ஒரு ஒத்தாச கேக்கணும். செயிச்சவரு அஞ்சு மணிக்கு நம்ம தெருவுக்கு நன்றி சொல்ல வாராராம். நாங்க தோத்துருவோம்னுதான இருந்தோம். ஒரு மிட்டாய்கூட வாங்கி வைக்கல. எந்தக் கடையிலயும் ஒண்ணும் இல்ல. ஒங்க வீட்டுல லட்டு எறக்குனதா ஆட்டோக்காரரு சொன்னாரு."

எனக்கு நெருப்பாக எரிந்தது. "அது நாங்க செயிச்சா குடுக்கதுக்கு வாங்குனது."

"தெரியும். அதான் கேக்கவே கூசுது" என்றாள். போகவில்லை, நின்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன தடவ ஒன் வாசல்ல வெடி போடச் சொன்னது நாந்தான். மறுநாளு நீ குனிஞ்சு கூட்டுததப் பாத்துட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. வந்து சொல்லத்தான் மொகம் இல்ல."

இரண்டு வருடமாக நான் எதிர்பார்த்திருந்த வார்த்தை. கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மைனி, நானும் ஒண்ணும் நல்லவ இல்ல. மொத டப்பா ஒங்களுக்குத்தான் வாங்குனேன். ஒங்க வயிறு எரியதப் பாக்கணும்னு."

என்னையே வெறித்துப் பார்த்தாள். அப்புறம், "அப்ப எனக்குன்னுதான வாங்குன? குடு!" என்று கையை நீட்டினாள்.

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். வாசல்நடையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். என்னமோ ஏதோவென்று என் கணவர் வெளியே ஓடிவந்தார்.

லட்டைத் தருகிறேன், ஆனால் நான்தான் கொடுப்பேன் என்று சொன்னேன். சரி என்றாள். ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனோம். மேளச் சத்தத்தோடு ஜீப் வந்தது. புது எம்.எல்.ஏ. கழுத்து நிறைய மாலை. தொண்டை கட்டிப்போய்க் கும்பிட்டபடி நின்றார். நான் ஒரு லட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாயில் போட்டதும் சொன்னேன்.

"அண்ணாச்சி, நான் ஒங்களுக்கு ஓட்டுப் போடல."

மேளம் நின்றுவிட்டது. மைனி என் இடுப்பில் கிள்ளினாள். அவர் லட்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார்.

"பொறவு எதுக்குக்கா லட்டு?"

"நீங்க தோப்பீங்கன்னு வாங்குனது."

கூட்டமே கொல்லென்று சிரித்தது. அவரும் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஆனா இனிமே எனக்கும் நீங்கதான எம்.எல்.ஏ.? திருநெல்வேலிக்குக் காலையில ஏழரைக்குப் போன டவுன் பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. சாயங்காலமும் ஆறு மணிக்கு மேல பஸ் கெடையாது. வேலைக்குப் போற பொம்பளப் பிள்ளைங்க மெயின் ரோடு வரைக்கும் நடக்காங்க. அதப் பாருங்க" என்றேன்.

"மத்தியானத்துலேருந்து எல்லாரும் மாலதான் போட்டாங்க. வேல சொன்னது நீங்க ஒராள்தான்" என்றவர், பக்கத்தில் இருந்தவரிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஜீப் நகர்ந்ததும் தெருவே லட்டுக்குக் கூடிவிட்டது. என்னைப்போலவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த, எங்கள் பக்கம் ஓட்டுப் போட்ட ஆட்களும் ஒவ்வொருவராக வெளியே வந்து கைநீட்டினார்கள். "தோத்ததுக்கு லட்டு குடுத்த மொத ஆளு நீதான்" என்று ஒருவர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அரை மணி நேரத்தில் பெட்டி காலி. அன்று பொழுது சாயும் நேரத்தில் மைனி மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காலையிலிருந்து நான் பட்டினி என்பதை என் கணவர் அவளிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஜெயித்திருந்தால்கூட அன்றைக்கு அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

நான்காவது மாதத்தில் காலை பஸ் வந்தது. சாயங்கால பஸ் இன்னும் வரவில்லை. நானும் மைனியும் சேர்ந்து கையெழுத்து வாங்கி மனுமேல் மனு கொடுத்துவருகிறோம். அரசியல் பேசினால் இன்றைக்கும் எங்களுக்குள் சண்டைதான். ஆனால் யாரும் கதவைச் சாத்திக்கொள்வதில்லை. நான் போடும் ஓட்டு தோற்றுப்போனாலும், ஜெயித்தவரிடம் நேராகப் போய் நின்று கேட்கிற உரிமை எனக்குத் தோற்றுப்போவதில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, எந்தத் தேர்தல் முடிவைக் கேட்டும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததில்லை.