சட்டை எங்கே வாங்கியது?

நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், விரி என்ற பகுதியில் ஒரு பண்டகசாலை அலுவலகத்தில் எனக்குக் கணினி பார்க்கும் வேலை. அடுத்த மேசையில் சிம்பாப்வேக்காரி ஒருத்தி இருந்தாள். ஓக்லாந்தின் கறுப்பினப் பெண்களுக்காக அவள் சமூக ஊடகத்தில் ஒரு குழு நடத்தினாள். அவர்கள் தங்கள் தாய்மாரின் கதைகளை அதில் எழுதுவார்கள். அடுத்த மேசைக்காரி என்பதால் என்னையும் அதில் சேர்த்திருந்தாள். ஆறு வருடத்தில் களைத்துப்போய், மூடப்போவதாகச் சொன்னாள். அதற்குமுன் எல்லாவற்றையும் சேமித்து ஒரு நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

"உனக்குத்தான் கொம்பியூட்டர் தெரியுமே" என்றாள்.

அச்சுப்பொறியில் சிக்கிய தாளை எடுப்பதுதான் என் வேலையில் பாதி. ஆனாலும் சம்மதித்தேன். சனிக்கிழமைகளில் மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்த அவள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

"அங்க என்ன செய்யிறனீர்?" என்று என் கணவர் கேட்டார்.

"ஆக்கள் கதைச்சதைச் சேமிக்கிறன்."

"அவை அதை ஏற்கெனவே கதைச்சிட்டினமே."

"ஓம்."

எழுதிய ஒவ்வொருவரிடமும் அவள் அனுமதி கேட்பாள். சம்மதித்தவர்கள் எழுதியதை நான் சேமிப்பேன். ஒருத்தி தன் எழுத்துப்பிழைகளைத் திருத்தினால்தான் சம்மதம் என்றாள். ஆவணத்தைத் திருத்தக்கூடாது என்று விளக்க இரண்டு சனிக்கிழமைகள் போயின.

மூன்றாம் மாதம், சேமிக்க வேண்டியவற்றில் என் சிம்பாப்வேச் சிநேகிதியின் அம்மாவுடைய படம் வந்தது. சிம்பாப்வேயின் விடுதலைப் போர்க்காலத்தில் போராளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய், பிடிபட்டு, சிறையில் இருந்தவர். கீழே நாற்பது பேர் உருக்கமாக எழுதியிருந்தார்கள். நடுவில் என் பெயரில் ஒரு வரி: "சட்டை வடிவாயிருக்கு. எங்கே வாங்கினது?"

அப்படி எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"இதை விடுவம்" என்றேன்.

"எழுதின ஆளிட்டக் கேட்டியா?"

"எழுதினது நான்தான்."

"அப்ப கீழ இருக்கிறதையும் வாசி."

அவளுடைய பெரியம்மா எனக்குப் பதில் எழுதியிருந்தார். சட்டை வாங்கியதல்ல, தங்கையே தைத்தது. உட்பக்கம் ஒரு பை இருந்தது. போராளிகளின் கடிதங்களை அதில்தான் ஒளித்துக் கொண்டுபோனாள்.

"அம்மா எனக்குப் பையைப் பற்றிச் சொன்னதேயில்லை" என்றாள் அவள். "பெரியம்மாவும் போன வருசம் செத்திட்டா. வேற ஆரிட்டக் கேக்கிறது?"

நான் எனக்கு அனுமதி கொடுத்தேன்.

குழுவை மூடும் நாளில் அவள் அழுவாள் என்று டிஷ்யூ கொண்டுபோயிருந்தேன். மூடுவதற்குக் கடவுச்சொல் கேட்டது. அவளுக்கு அது மறந்துவிட்டது. புதிதாக ஒன்று எடுக்க அரை மணி நேரம் பிடித்தது. பிறகு மூடினாள்.

அழுதது நான். அவள் தேநீர் போட்டுத் தந்துவிட்டு, உடுப்புக் காயப்போட வெளியே போனாள்.